எட்டாம் பக்கத்தில் மூன்று வரிகள்

ஈப்போ ரயில் நிலையத்தின் வாசலில் என்னை அழைத்துப்போக வந்தவர் கையில் பெயர்ப் பலகை இல்லை. நான் தமிழில் எழுதிய கையேட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். ரோஜா நிற அட்டை. ‘உங்கள் மார்பகத்தை அறிவோம்’ என்று கட்டைவிரல் பருமனில் எழுத்து. ஐம்பது வயது, அடர்ந்த மீசை, ஏதோ கால்பந்துக் குழுவின் சட்டை. வெளியே வந்தவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அட்டையை ஒருமுறையும் மீசையை ஒருமுறையும் பார்த்துவிட்டு நடையை எட்டிப்போட்டார்கள். அவர் அசையவில்லை.

“பேர எழுதி நின்னா ஆளு மாறிப்போகும் அக்கா. இத பாத்துட்டு கிட்ட வர்றவங்க நீங்க மட்டும்தான்” என்றார். தர்க்கத்தில் குறை காண முடியவில்லை. பெயர் குணா. அடுத்த சில நாட்களுக்கு அவர்தான் என் வண்டியோட்டி, மொழிபெயர்ப்பாளர், சாப்பாட்டு ஆலோசகர்.

என்னை வரவழைத்தவர் டாக்டர் ஸ்டெல்லா. அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துண்டை மெல்லிய சீவலாக்கி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, அது என்ன என்று சொல்வது அவர் வேலை. திருச்சியில் எங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்ட காலத்தில் அதில் வந்த பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டி எழுதினார். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. நான் ஓய்வு பெற்ற பிறகு, ஆங்கிலத்தில் இருபத்திரண்டு பக்கம் இருந்த தன் மார்பகப் புற்றுநோய்க் கையேட்டைத் தமிழில் தரச் சொன்னார். பதினாறு பக்கத்தில் தந்தேன். வெகுவாகப் பாராட்டினார். ஆயிரம் பிரதி அச்சிட்டு அறுநூறு வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. மிச்சம் அவர் வீட்டுக் கொட்டகையில் அட்டைப்பெட்டிகளில் இருந்தது. இரண்டாம் பதிப்பு அச்சேறுமுன் நான் வந்து வாசகர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வாசகர்களை நேரில் சந்திப்பது, முப்பத்தொரு வருடப் பத்திரிகை வேலையில் நான் வெற்றிகரமாகத் தவிர்த்துவந்த ஒன்று.

முதலில் காப்பி என்றார் குணா. ஈப்போவின் வெள்ளைக் காப்பி வெள்ளையாக இல்லை. செங்கல் நிறத்தில் இருக்கிறது. கொட்டையை மார்ஜரீனில் வறுக்கிறார்கள் என்று கேட்டபோது எங்கள் ஊர்க்காரர்கள் யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். குடித்த பிறகு, சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று தோன்றியது. நன்றாகவே இருந்தது.

பக்கத்து மேசைச் சீனப் பெரியவரிடம் கடைக்காரம்மா ஏதோ கேட்டார். அவர் பதில் சொல்ல, இருவரும் குணாவைப் பார்த்தார்கள். குணாவுக்குக் காண்டனீஸ் தெரியும். முகம் மாறாமல் எனக்குச் சொன்னார். கடைக்காரம்மா கேட்டது: இந்த ஆள் ஏன் பெண்பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறான்? பெரியவர் சொன்னது: பெண்டாட்டி விட்டுவிட்டுப் போயிருப்பாள்.

“பொண்டாட்டி இருக்கு” என்றார் குணா என்னிடம். “இது எங்கக்காவுக்காக.”

அக்காவின் பெயர் லெட்சுமி. ஐம்பத்தேழு வயது. பதினைந்து வயதில் அம்மாவோடு ரப்பர் பால் வெட்டப் போனவர். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியது. செம்பனையும் போய் வீடுகள் வந்தன. இப்போது கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனையில் இருக்கிறார். மூன்று மாதமாக இடது பக்க மார்பின் ஓரத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதை குணாவின் மனைவி பார்த்துச் சொல்லியிருக்கிறார். கேட்டால், ஒன்றுமில்லை, கொஞ்சம் இறுகியிருக்கிறது என்பாராம். குணா இந்தக் கையேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பிறகு நிலைமை மோசமானது.

“படிச்சிருச்சி. நாலு தடவ. படிச்சிட்டு, டாக்டர் புஸ்தகமே சொல்லுது, எனக்கு ஒண்ணும் இல்ல, நீ வேலைய பாருன்னிருச்சி. நான் சொன்னா கேக்காது லா. எழுதினவங்க நீங்க சொல்லுங்க.”

நான் மருத்துவர் இல்லை என்றேன். அது தனக்குத் தெரியும் என்றார். ஆனால் அக்காவுக்கு அச்சில் வந்தால்தான் நம்பிக்கை என்றும் சொன்னார். எந்தப் பத்திரிகைக்காரருக்கும் கேட்க இனிக்கும் வாக்கியம். எனக்கும் இனித்தது. ஒரு நாள் மட்டும்.

மறுநாள் ஸ்டெல்லாவின் ஆய்வகம். சுண்ணாம்புக் குன்றுகள் ஊருக்குள் நின்றபடி இருக்கும் நகரம் இது. ஆய்வகத்தின் சன்னல் நிறையக் குன்று. ஸ்டெல்லா அதைப் பார்ப்பதே இல்லை. நாள் முழுவதும் நுண்ணோக்கியில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய சதையைப் பார்க்கிறார்.

முதல் தகடு நல்ல மார்பகத்தினுடையது. பால் நாளங்கள் வட்ட வட்டமான அறைகள் போல இருந்தன. சுவரோரம் செல்கள் ஒழுங்காக, ஒன்றை ஒன்று இடிக்காமல். அறைகளைச் சுற்றிக் கொழுப்பும், சுருள் சுருளாக இளஞ்சிவப்பு நார்களும். வாராத சுருட்டை முடி போலத் தளர்வாகக் கிடந்தன. இரண்டாவது தகட்டில் அந்த நார்கள் இழுத்து வாரிய தலை மாதிரி நேராகி, நெருங்கி, நாளத்திலிருந்து வெளியே போகும் தண்டவாளங்கள் போல நின்றன. அந்தத் தண்டவாளத்தின் மேல் செல்கள் வெளியேறிக்கொண்டிருந்தன.

இவ்வளவு காலம் குற்றவாளியை மட்டும் தேடினோம், அவன் குடியிருந்த தெருவைப் பார்க்கவில்லை என்றார் ஸ்டெல்லா. குற்றச் செய்திப் பக்கத்திலும் நாங்கள் அதையேதான் செய்துகொண்டிருந்தோம் என்றேன்.

மிச்சத்தை விளக்க என்னைத் தாவ் ஃபூ ஃபா கடைக்கு அழைத்துப்போனார். சோயாப் பாலை உறையவைத்து, சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவது. கரண்டி பட்டால் நடுங்குகிறது. வாயில் வைத்தால் இருந்த தடம் இல்லை. ஸ்டெல்லா எழுந்துபோய்ப் பக்கத்துக் கடையிலிருந்து கெட்டி தாவ் ஃபூ ஒரு துண்டு வாங்கி வந்து என் கிண்ணத்தின் அருகே வைத்தார். இரண்டும் ஒரே சோயா. அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

மார்பகச் செல்களை எடுத்து இது போல மெத்தென்ற கூழில் வளர்த்தால், உடம்புக்குள் இருப்பது போலவே வட்டமாகக் கூடி நடுவில் இடம் விட்டு அமைதியாக இருக்கும். அதே செல்களைக் கெட்டியான கூழில் வளர்த்தால் வட்டத்தை மறந்துவிடும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். செல்லுக்குக் கண் இல்லை. சுற்றியுள்ள நாரைப் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. நார் இறுகியிருந்தால் அதை உத்தரவு போல எடுத்துக்கொண்டு பெருகத் தொடங்கலாம். பெருகிய செல்கள் பக்கத்தில் உள்ள செல்களைத் தூண்டி இன்னும் நாரைச் சுரக்கவைக்கும். நாரோடு நாரைக் கோத்து முடிச்சுப் போடும். தெரு இன்னும் இறுகும்.

இறுக்கம் முதலா, நோய் முதலா என்று கேட்டேன். பழைய நிருபர் புத்தி.

“ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளுது அக்கா. யாரு மொதல்ல தள்ளினதுன்னு இன்னும் சண்டைதான் நடக்குது” என்றார். பிறகு, நான் குறிப்பெடுப்பதைப் பார்த்து, இரண்டு எச்சரிக்கை தந்தார். பெண்கள் கைக்கு இறுகலாகத் தெரிவதில் பெரும்பாலானது புற்றுநோய் இல்லை. மேமோகிராம் படத்தில் மார்பகம் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரிவது வேறு. அதைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த அடர்த்தி இருந்தால் நோய் வரும் வாய்ப்பும் கூடும், நோயும் வெள்ளையாகவே தெரிவதால் ஒளிந்துகொள்ளவும் செய்யும்.

பாகை வழித்துக் குடித்தபடியே அவர் சேர்த்துச் சொன்னது: “அதனாலதான் கட்டியே இல்லாம வர்ற வகைய பத்தி எழுதுனேன். சதை இறுகும், தோல் தடிக்கும், அவ்வளவுதான் வெளிய தெரியும். தமிழ்ல அது எட்டாம் பக்கம்தானே?”

ஆமாம் என்றேன். அது பொய்.

எட்டாம் பக்கத்தில் ஐந்து அறிகுறிகள் இருந்தன: கட்டி, காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர், காம்பு உள்ளே இழுத்தல், தோலில் குழி, அக்குளில் வீக்கம். ஆறாவதாக மூன்று வரிகள் முதலில் இருந்தன. கீழே ஒரு கையின் படம். படம் பெரிதாக இருந்தால்தான் வாசகர் நிற்பார் என்பது எங்கள் பத்திரிகை மேசையில் கற்றது. விதிவிலக்கைச் சொல்லும் வரிதான் முதலில் வெட்டுப்படும் என்பதும் அங்கே கற்றதே. மூன்று வரியை எடுத்தேன், கை முழுதாக வந்தது. பக்கம் அழகாக இருக்கிறது என்று ஸ்டெல்லா தனியாகவே பாராட்டியிருந்தார்.

மூன்றாம் நாள் தாப்பாவுக்கு அப்பால், லெட்சுமி குடியிருக்கும் இடத்துக்குக் கிளம்பினோம். அங்கே கோவில் மண்டபத்தில் வாசகர் கூட்டம். வண்டி ஈப்போவைத் தாண்டியதும் ஸ்டெல்லாவிடம் உண்மையைச் சொன்னேன். கோப்பெங் வரை எட்டாம் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். பிறகு, தமிழ் ப்ரூஃபைத் தானும் பார்த்ததாகவும், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பதால் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டு விட்டுவிட்டதாகவும் சொன்னார்.  “அறுநூறு வீடு” என்றார் கடைசியில். முன் இருக்கையில் குணா வானொலியை நிறுத்தினார்.

மண்டபத்தில் நாற்பது பெண்கள். கோவில் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். பன்னிரண்டு நிமிடம் பேசி, எந்த உறுப்பைப் பற்றிய கூட்டம் என்பதை ஒருமுறையும் சொல்லாமல் முடித்தார். ‘பெண்களுக்கு வரக்கூடிய அந்த விஷயம்’ என்றார். பிறகு ‘அம்மாதிரியான விஷயங்கள்’ என்றார். அரசியல் செய்தி எழுதுகிறவர்கள் பொறாமைப்படும் நடை. அத்தோடு ஆண்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். வெயிலுக்குப் பயந்து எட்டுப் பேர் முறைவைத்து குணாவின் வண்டிக்குள் ஏசி போட்டு உட்கார்ந்தார்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஏசி விசிறியை மட்டும் ஓடவிட்டிருக்கிறார். இது பின்னால் முக்கியமாகும்.

ஸ்டெல்லா சிலிக்கான் மாதிரிகள் மூன்றைச் சுற்றுக்கு விட்டார். உள்ளே வெவ்வேறு அளவில் மணிகள் புதைத்திருக்கும். தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். பெண்கள் கூச்சத்தோடு தொட்டார்கள். ஒருத்தி, இது தன் மாமியாரை விட மெத்தென்று இருக்கிறது என்றாள். மாமியார் பக்கத்திலேயே இருந்தார். சிரிப்பு அடங்கியபோது மாதிரி மூன்றாவது வரிசையில் இருந்த ஒல்லியான பெண்மணியிடம் போயிருந்தது. அவர் பார்க்காமலே கட்டைவிரலை ஓட்டினார். “அஞ்சு” என்றார். நான்குதான் என்றார் ஸ்டெல்லா. “அஞ்சு, டாக்டர். ஒண்ணு அடியில இருக்கு, சின்னது.” ஸ்டெல்லா பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். ஐந்துதான்.

அதுதான் லெட்சுமி. நாளெல்லாம் கையுறைகளில் ஊசிமுனை ஓட்டை தேடுகிற விரல்.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். கையேட்டை எட்டாம் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார். ஐந்து அறிகுறிகளுக்கு எதிரிலும் பென்சிலால் ஐந்து பெருக்கல் குறிகள். அளவெடுத்தது போல ஒரே நேர்கோட்டில். “தம்பி ஏதாச்சும் சொல்லியிருப்பான். இல்லக்கா, எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல” என்றார். அவ்வளவு கவனமாக என்னை யாரும் படித்ததில்லை. ஸ்டெல்லாவை அதற்குள் இருபது பெண்கள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள்.

வண்டி கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. எட்டுப் பேரும் எட்டு ஆலோசனை சொன்னார்கள், ஏசி போட்டதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு வண்டியிலிருந்து கம்பி இழுத்து உயிர் கொடுக்க ஒரு மணி நேரமாகும் என்றார் குணா. லெட்சுமியின் வீடு அடுத்த சந்தில் இருந்தது.

வரிசை வீடுகள், வாசலில் செருப்பு அலமாரி, மோட்டார் சைக்கிள், கம்பி வேலியில் காயும் தொழிற்சாலைச் சீருடை. தாமான் என்கிறார்கள் இந்தக் குடியிருப்புகளை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த அதே இடம், மண் மட்டும் மட்டப்படுத்தியது. ஸ்டெல்லா கூடத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சமையலறையில் லெட்சுமி மரவள்ளிக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

“லெட்சுமி, அந்தப் பக்கத்துல ஆறாவதா ஒண்ணு இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“இடம் பத்தல.”

அடுப்பைக் குறைத்துவிட்டுக் கையேட்டை எடுத்தார். எட்டாம் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இந்தக் கை இம்மாம் பெருசா இருக்கே” என்றார்.

 ஆறாவது என்ன என்று கேட்டார். கட்டி இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரு பக்கம் மட்டும் சதை இறுகி, தோல் தடித்து, அது போகாமல் நின்றால் உடனே காட்ட வேண்டும் என்றேன். வெட்டியபோது நீளமாகத் தெரிந்த வரிகள், சொல்லும்போது ஒரே மூச்சில் முடிந்துவிட்டன.

லெட்சுமி கிழங்கைத் திருப்பிப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் ரப்பர் மரத்தைப் பற்றிப் பேசினார். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். பட்டை மறுபடி வளரும், ஆனால் பழையபடி வராது. அடுத்த முறை அந்தப் பக்கம் வெட்டப்போகும்போது கத்தி வைத்ததுமே தெரிந்துவிடும், கத்தி ஓடாது. முண்டு முண்டாக வருவதெல்லாம் பிறகுதான்.

“மொதல்ல இறுகும், அக்கா. எனக்கும் அப்படித்தான் இருக்கு. கத்தி ஓடாத மாதிரி. கை வச்ச அன்னிக்கே தெரிஞ்சிச்சி.” கிழங்கைத் தட்டில் எடுத்து வைத்தார். “புஸ்தகத்துல இல்லியேன்னு விட்டுட்டேன்.”

ஐந்தாவது மணியைக் கண்டுபிடித்த விரலை விட, மணியையே பார்த்திராத என் பக்கத்தை அவர் நம்பியிருக்கிறார். தோட்டத்தில் எழுதிப் போட்டதுதான் உத்தரவு, தொழிற்சாலையிலும் அப்படித்தான். நாற்பது வருடம் அப்படி வேலை பார்த்தவரை யாரும் குறை சொல்ல முடியாது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வெட்டுக்காரருக்கும் ஒரு நம்பர் உண்டு, அம்மாவுக்கு நூற்றுப் பதினேழு என்றார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மர நிரையில் நடந்துவரும்போது காயத்தைக் கண்டால் சாக்கட்டியால் வட்டம் போட்டு நம்பரைக் கூப்பிடுவார். பால் எடுத்து முடித்த பிறகு அந்த நம்பர்காரர் திரும்பப் போய்க் காயத்தில் தார் பூச வேண்டும். வேறு ஆள் பூசக்கூடாது.

“யாரு காயம் போட்டாங்களோ அவங்கதான் பூசணும். அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு” என்றார். கோபம் இல்லை, வேலை விதியைச் சொல்லும் குரல். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், “டாக்டர், ஒரு நிமிசம் உள்ள வாங்க” என்றார்.

படுக்கையறைக் கதவு பத்து நிமிடம் சாத்தியிருந்தது. வெளியே வந்த ஸ்டெல்லாவின் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நாளைக்கே வரவேண்டும் என்றார். நாளைக்கு வேலை என்றார் லெட்சுமி, எம்.சி. கொடுப்பீர்களா என்று கேட்டார். மருத்துவ விடுப்புச் சீட்டு இல்லாமல் இந்த நாட்டில் யாரும் நோயாளி ஆக முடியாது. வெளியே குணாவின் வண்டி இருமி உயிர்பெற்றது. எட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

மறுநாள் மருத்துவமனை. மேமோகிராம் அறைக்கு வெளியே இரண்டு மலாய்த் தாதிகள் பேசிச் சிரித்தார்கள். குணா எனக்குச் சொன்னார்: உள்ளே இருக்கும் ஆன்ட்டி மெஷினின் கைப்பிடியை மோட்டார் சைக்கிளைப் பிடிப்பது போலப் பிடித்தாராம், எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, வேலைக்கு என்றாராம்.

படம் உதவவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை. பஞ்சுப் பொதிக்குள் வெள்ளை நூலைத் தேடுவது போல. ஸ்கேனில் இடது பக்கம் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது, ஓரமில்லாமல். ஊசி போட்டு நான்கு இழை சதை எடுத்தார்கள். எங்கள் ஊரில் இந்நேரம் நோயாளியைச் சுற்றிப் பதினோரு உறவினர் நின்று, ஆளுக்கொரு மருத்துவரைச் சிபாரிசு செய்திருப்பார்கள். இங்கே குணாவும் நானும் மட்டும். லெட்சுமி கட்டோடு வந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, காரச் சம்பலை ஒதுக்காமல் முழுவதும் சாப்பிட்டார். நாங்கள் சாப்பிடாததையும் சாப்பிட்டார்.

முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் ஊர் பார்த்தேன் என்று சொல்வது மரியாதையாக இருக்கும். குணா லகாட் பக்கம் அழைத்துப்போய் ஈயம் தோண்டிய பள்ளங்களைக் காட்டினார். இப்போது குளங்கள், தண்ணீர் அபாரமான பச்சை. மத்தியானம் கெடாய் என்கிற சிறு கடை ஒன்றில் முளைப்பயறு கோழி. இந்த ஊர்த் தண்ணீரில்தான் முளை இப்படிக் கொழுக்கும் என்று கடைக்காரர் சொன்னதை குணா மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்துவிட்டு, சாப்பிடாமல் என்னைக் கேட்டார்.

“மூணு மாசம் முந்தி போயிருந்தா?”

தெரியாது என்றேன். ஸ்டெல்லாவிடம் கேட்டபோது அவரும் அதையே சொல்லியிருந்தார். குணா தலையாட்டிவிட்டு முளையை மட்டும் சாப்பிட்டார். அச்சு வேலையில் தவறுக்கு மறுநாள் ஒரு திருத்தம் போடுவோம், நான்காம் பக்கத்தின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில். அது எவ்வளவு வசதியான ஏற்பாடு என்று அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் எனக்குப் புரிந்தது.

ஏழாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய்தான். கட்டியாகத் திரளாத வகை.

அறுவை மருத்துவர் விளக்கி முடித்த பிறகு லெட்சுமி, தன்னுடையதைத் தானே பார்க்க வேண்டும் என்றார். ஸ்டெல்லா ஒரு கணம் யோசித்து, ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் நாற்காலியை உயர்த்தி உட்காரவைத்தார். லெட்சுமி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். கையுறையைப் பார்ப்பது போல, அவசரமில்லாமல்.

“வரிசையா நிக்குது” என்றார். “ஒண்ணு பின்னால ஒண்ணு. பெரட்டு மாதிரி இருக்கு.”

தோட்டத்தில் விடியுமுன் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. ஸ்டெல்லாவுக்கு அந்தச் சொல் தெரியவில்லை, நான் சொன்னேன். அதேதான் என்றார் அவர். இந்தச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பசையை இழந்தவை. அதனால் கும்பலாகக் கூடாமல் நாருக்கும் நாருக்கும் நடுவே ஒற்றை வரிசையில் நடந்திருக்கின்றன. நடந்த வழியில் நார் இறுகியிருக்கிறது. கைக்குத் தெரிந்தது அந்த இறுக்கம்.

“பேர் கூப்பிட்டா வீட்டுக்குப் போயிருமா, டாக்டர்?”

“போகாதுக்கா. ஒரு பக்கத்த வெட்டி எடுக்கணும். மிச்சம் இருந்தா மருந்து.” அக்குளில் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை, ஆனால் அறுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றும் மறைக்காமல் சொன்னார்.

லெட்சுமி இன்னொரு முறை பார்த்தார். “நேராதான் நிக்குது” என்றார், ஏதோ அதற்காவது ஒரு மதிப்பெண் கொடுப்பது போல.

அறுவைக்கு இரண்டு வாரம் தள்ளி நாள் குறித்தார்கள். நான் ஊருக்குக் கிளம்பும் நாள் மறுநாளாக இருந்தது. லகாட்டில் ஸ்டெல்லாவின் வீட்டுக்கு விடைபெறப் போனபோது லெட்சுமியும் குணாவும் அங்கே இருந்தார்கள். கொட்டகையில் இருந்த அட்டைப்பெட்டிகள் வெளியே வந்திருந்தன. மேசையில் ஒரு பெட்டி கறுப்புப் பேனா.

நானூறு பிரதி மிச்சம். வரிகளை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார் குணா. லெட்சுமி அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை முடிந்தது.

“ஸ்டிக்கரு வெயில்ல பிஞ்சிரும்” என்றார். பிறகு என்னிடம், “நீங்க எழுதுங்கக்கா.”

தார் பூசும் முறை எனக்கு. பயணத்தைத் தள்ளிப்போட்டேன். நானூறு முடிந்ததும், முன்பே கொடுத்த அறுநூறு வீடுகளுக்கும் குணாவோடு போக வேண்டும் என்று ஏற்பாடு. பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை. பட்டியலை ஸ்டெல்லா ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார். இரண்டாம் பதிப்பில் அந்த வரிகள் முதல் அறிகுறியாகவே வரும். அதையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

முதல் பிரதியை எட்டாம் பக்கத்தில் திறந்தேன். எங்கே எழுதுவது என்று பார்த்தேன். அந்தப் பெரிய கையின் உள்ளங்கை வெளிர் நிறத்தில், வெறுமையாக இருந்தது. எழுதினேன். ‘கட்டி இருக்க வேண்டும் என்று இல்லை. ஒரு பக்கம் மட்டும் சதை இறுகி, தோல் தடித்து, போகாமல் நின்றால் உடனே காட்டுங்கள்.’ மூன்று வரி. விரல்களைத் தொடாமல், மணிக்கட்டைத் தாண்டாமல் சரியாக அடங்கியது. அன்றைக்கு வரியை எடுத்திருக்கவும் வேண்டாம், படத்தைச் சிறிதாக்கியிருக்கவும் வேண்டாம்.

லெட்சுமி எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். தேறியவை வலது பக்கம், தேறாதவை இடது பக்கம். பத்து வரை எல்லாம் வலது. பிறகு என் கை சோர, இடது அடுக்கும் வளரத் தொடங்கியது. நாற்பத்தொன்றாவதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்பி என் முன்னால் வைத்தார்.

“மை மங்கிருச்சி. கண்ணு தெரியாதவங்களும் படிப்பாங்க லா.”

அதன் மேலேயே அழுத்தி எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை பார்த்தார். வலது பக்கம் வைத்தார்.